வட்டத்துக்கு வெளியே கிடந்த கல்

அத்திகா நாட்டில் ஊருக்கு ஒரு ராஜா சமாதி இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஆனால் மற்ற ஊர்களுக்கு வாய்த்த ராஜாக்கள் கடலைத் தாண்டியவர்கள், அரக்கனைக் கொன்றவர்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு காளையையாவது அடக்கியவர்கள். லாம்ப்த்ரைக்கு வாய்த்தவர் கிரனாவோஸ். ஏதென்ஸை ஆண்ட இரண்டாவது ராஜா, மண்ணிலிருந்து தானாகப் பிறந்தவர், அதெல்லாம் சரிதான். அவருக்கு மூன்றும் பெண்ணாகப் போயிற்று. மூத்தவளைக் கட்டிய மருமகன் அம்ஃபிக்தியோன் ஒரு நாள் மாமனாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அரியணையில் உட்கார்ந்துகொண்டான். கிழவர் ஓடி வந்து எங்கள் ஊரில் செத்தார். அவர் உருப்படியாகச் செய்து முடித்தது அந்த ஒரு காரியம்தான் என்று ஏதென்ஸ்காரர்கள் இன்றைக்கும் கேலி பேசுவார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள், திராட்சை மிதித்து முடிந்த மாதத்தில், பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சமாதி மேட்டில் கறுப்பு ஆட்டுக்கிடாயை அறுத்து இரத்தத்தைக் குழியில் விடுவார்கள். தேன் கலந்த பாலும் மதுவும் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர் ராஜாவின் குடும்பத்தை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். கிரனாவோஸ், அவர் மனைவி பெதியாஸ், பெண்கள் கிரனாயே, கிரனெக்மே, கடைசியாகக் கல்யாணமாகாமலே செத்து இந்த நாட்டுக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போன அத்திஸ். அதற்கப்புறம் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நிற்பார். அது மருமகன் பெயர் வரவேண்டிய இடம். அந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லக் கூடாது.

மேட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் கல் அடுக்கியிருக்கும். ஊர் ஆண்கள் எல்லாரும் அதற்குள் நிற்கலாம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர்கள் மட்டும் வெளியே நிற்க வேண்டும். கிடாய் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது போல இதுவும் ஒரு விதி, ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் எல்லாரும் மரியாதையாகத் தரையைப் பார்க்க வேண்டும் என்பது முறை. யார் பார்க்கிறார்கள்? வெளியே நிற்பவர்களைப் பார்த்து வாய்க்குள் சிரிப்பார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவன் நௌசோன். கடற்கரையை ஒட்டிய கீழ் லாம்ப்த்ரையில் வலை வீசும் ஒருவருக்கு நாலாவது பிள்ளை. வீட்டில் இருந்தது ஒரு படகு, அதில் நாலு பேருக்கு இடமில்லை. அதனால் உப்பு மீனைச் சுமந்துகொண்டு மலையடிவாரத்து மேல் லாம்ப்த்ரைக்கு ஏறி வந்து தேனுக்கு மாற்றிக்கொண்டு போவது அவன் வேலையாக இருந்தது. தேன் வாங்கிய வீடு ஆர்க்கியாஸின் வீடு. ஹிமெட்டோஸ் மலைச்சரிவில் நாற்பது மண்குழாய்க் கூடுகள், முப்பது ஒலிவ மரங்கள், கிரிசில்லா என்று ஒரே ஒரு பெண். எல்லாவற்றுக்கும் மேலே, கிரனாவோஸின் சமாதியில் மது ஊற்றும் உரிமை ஏழெட்டுத் தலைமுறையாக அந்த வீட்டில்தான் இருந்தது.

நௌசோன் பேரம் பேசத் தெரியாதவன். அது ஆர்க்கியாஸுக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் தேனை அளந்துகொண்டே, என் வீட்டுக்கே வந்துவிடுகிறாயா என்று கேட்டார். நௌசோன் யோசிப்பதற்குள் அவன் அப்பா சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கல்யாணத்துக்கு மறுநாளே அவனுக்குப் பெயர் மாறிவிட்டது. முடிவெட்டுகிற இடத்தில், எண்ணெய்ச் செக்கடியில், எங்கே போனாலும் ராஜாதான். "என்ன ராஜா, இன்னும் கெழவரைத் தொரத்தலையா?" என்று கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் தங்கள் அப்பாவைச் செக்கு மாடாக உழைக்க விட்டவர்கள். நௌசோன் சிரித்துக்கொள்வான். மகன் பிறந்தபோது தன் அப்பா பெயரை வைக்காமல் கிரிசில்லாவின் அப்பா பெயரை வைத்தார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டான். சிரிக்கத் தெரிந்தவனுக்கு வலிக்காது என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊருக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதி.

சமாதியில் கிடாயை முழுவதுமாக எரித்துவிட வேண்டும், ஒரு துண்டு வாயில் போடக் கூடாது. எரிந்து முடிய வெகுநேரம் ஆகும். இரண்டாம் ஆண்டு நௌசோன் ஓடைப் படுகையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து வட்டத்துக்கு வெளியே போட்டான். அவனோடு வெளியே நின்ற இன்னும் மூன்று மாப்பிள்ளைகளும் அதில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். மூத்தவன் ஓனாசோஸ் என்ற கொல்லன், இருபது ஆண்டாக வெளியே நிற்பவன். நமக்கும் ஒரு அரியணை வந்துவிட்டது என்று அவன் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது.

இப்படிப் பதினோரு ஆண்டு போயிற்று. பதினோராவது ஆண்டு, சமாதி நாளுக்கு முந்தின நாள் காலையில், மாமனாரும் மருமகனும் தேன்கூடுகளுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்க்கியாஸுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. புகைச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு அந்தப் பெயரைச் சொல்லலாம் என்று இருக்கிறேன் என்றார். நௌசோனுக்கு விளங்கவில்லை. எந்தப் பெயர் என்று கேட்டான்.

"நாம சொல்லாம விடுற பேருதான். அவன் தப்பு பண்ணான், செத்தும் போயிட்டான். அதுக்கு நீ ஏன்டா பதினோரு வருசமா வெளிய நிக்கணும்? நான் ஊத்திட்டு நிமிர்ந்தா உன் மூஞ்சிதான் தெரியுது. நாளைக்கு அவனைப் பேர் சொல்லி கூப்பிட்டுட்டு, அடுத்த மூச்சுல உன்னையும் உள்ள கூப்பிடுவேன். உன்னை மட்டுமில்ல, நாலு பேரையும்."

"ஊரு சும்மா இருக்குமா மாமா?"

"இருக்காது. கூட்டம் போடுவாங்க. போடட்டும், நான் பேசிக்கறேன். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. கேட்டாங்கன்னா, மாமா தெரிஞ்சேதான் சொன்னாரு, என்கிட்ட முன்னாடியே சொன்னாருன்னு சொல்லிரு. அது போதும்."

நௌசோன் சரி என்றான். தன் சொந்த அப்பா ஒரு நாளும் அவனுக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் மாலை, அத்திஸின் பெயருக்கு அப்புறம், ஆர்க்கியாஸ் மூச்சை இழுத்தார். எல்லாத் தலைகளும் வழக்கம்போல வெளியே திரும்பின. அப்போது அவர் நிதானமாக, ஊருக்கே கேட்கும்படி, அம்ஃபிக்தியோன் என்று அழைத்தார்.

உடனே கூச்சல். ஒருவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். இன்னொருவர், வெளியே வைத்திருந்தவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார், ஊர் விளங்காது என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆர்க்கியாஸ் கையை உயர்த்தி வட்டத்துக்கு வெளியே நீட்டினார். அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. நௌசோனுக்குக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை, அவனுக்குத்தான் முன்னாலேயே தெரியுமே. ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் போதும், கல் முழங்கால் உயரம்தான். அவன் எடுத்து வைக்கவில்லை.

ஊர்த்தலைவர் தெக்சியோஸ் பத்து நாள் கழித்துக் கூட்டம் என்று அறிவித்தார். அதற்குள் ஊருக்குள் விதியெல்லாம் அலசியாயிற்று. கிழவர் வேண்டுமென்றே சொல்லியிருந்தால் ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரைச் சொல்வது நியாயம்தான் என்று பெரும்பான்மை கை தூக்கினால் பழைய விதி போகும், மாப்பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வருவார்கள். தூக்காவிட்டால் உரிமை அந்த வீட்டை விட்டுப் போகும், ஆர்க்கியாஸின் தம்பி மகன் பிலாக்ரோஸுக்கு. அவன் இப்போதே புதுக் கிண்ணம் செய்யச் சொல்லிவிட்டான் என்று பேச்சு. புத்தி தடுமாறிச் சொன்னார் என்றால் கதையே வேறு. உரிமை வீட்டோடு இருக்கும், பேரனுக்குப் போகும். பேரனுக்கு ஆறு வயது. அவனுக்கு வயது வரும்வரை அவன் அப்பா ஊற்றலாம். ஊற்றுகிறவன் வெளியே நின்று ஊற்ற முடியாது. அதனால் நௌசோன் உள்ளே வருவான். நௌசோன் மட்டும்.

இதைத் தெக்சியோஸே வந்து அவனிடம் பக்குவமாகச் சொன்னார். கிழவருக்கும் அதுதான் நல்லது, மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார் என்றார். நௌசோன் அந்தப் பத்து நாளும் ஒலிவ மரங்களுக்கு நடுவே கணக்கில்லாமல் நடந்தான். கையை எத்தனை பேர் தூக்குவார்கள்? தோற்றுவிட்டால் மகனுக்கு என்ன மிஞ்சும்? மகனுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது பாதிப் பொய். ஜெயித்தாலும் என்ன, ஓனாசோஸும் மற்ற இரண்டு பேரும் கூடவே உள்ளே வந்து நிற்பார்கள், அப்புறம் உள்ளே நிற்பதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் மத்தியானம் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் யாராவது கேட்டிருப்பார்களோ என்பது போலச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

கூட்டம் அப்பொல்லோன் கோயில் முற்றத்தில் நடந்தது. பிலாக்ரோஸ் எழுந்து, பெரியப்பா தெரிந்தேதான் சொன்னார், அவர் புத்தி கத்தி மாதிரி இருக்கிறது என்று பாசமாகச் சொன்னான். பெரியப்பாவைப் பற்றி அவன் பேசிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான். ஆர்க்கியாஸ் சலவை செய்த போர்வை போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்பது நௌசோனுக்குத் தெரியும். தேன்கூடுகளுக்கு நடுவே அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தான்.

"அந்த வீட்ல இருக்கறவன் நீ" என்று தெக்சியோஸ் நௌசோனைப் பார்த்துச் சொன்னார். "உன் மாமனார் தெரிஞ்சு சொன்னாரா, தடுமாறிச் சொன்னாரா?"

"கொஞ்ச நாளாவே மாமாவுக்கு ஞாபகம் சரியில்லீங்க" என்றான் நௌசோன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. தேனில் உப்பைக் கொட்டினார் என்றான். பேரன் பெயரையே மறந்துவிடுகிறார் என்றான். மூன்று ஆண்டுக்கு முன் செத்துப்போன கோவேறு கழுதையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்றான். அது ஒன்றுதான் நடந்தது. அதுவும் விளையாட்டுக்குக் கூப்பிட்டது, அவனும் கூடச் சிரித்தான்.

ஆர்க்கியாஸ் திரும்பி அவனைப் பார்த்தார். கோபமில்லை. விற்க வந்த பொருளைத் திருப்பிப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எழுந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊர் நடுவே பொய் சொன்னவன் என்று நௌசோனின் பெயர் அன்றோடு முடிந்திருக்கும். மகளின் குடித்தனமும் அதோடு போயிருக்கும். கிழவர் எழுந்தார். முற்றத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"தெக்சியோஸு, என் கழுதையை எங்கப்பா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். "தண்ணி காட்டணும், நேரமாச்சு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பலர் ஐயோ பாவம் என்று நாக்கைத் தட்டினார்கள். பிலாக்ரோஸ் உட்கார்ந்துவிட்டான். உரிமை வீட்டோடு நின்றது. நௌசோனுக்குக் காது வரை சுட்டது, பூமி பிளந்தால் இறங்கிவிடலாம்போல இருந்தது. அவன் எழுந்து எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. யாரோ வந்து முதுகில் தட்டி, இனி உன்னை ராஜா என்று கூப்பிட முடியாது என்றார்கள். அவன் சிரித்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிழவர் முன்னால் நடந்தார். ஓடையைத் தாண்டும்போது, கல் வழுக்குகிறது, பார்த்து வா என்று மட்டும் சொன்னார்.

புத்தி இல்லாதவன் என்று ஊர் தீர்த்துச் சொன்னவன் சமாதி வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. இதை நௌசோன் யோசித்திருக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை. மறு ஆண்டு அவன் வெள்ளை உடையில், கையில் கிண்ணத்தோடு மேட்டில் நின்றபோது, ஓனாசோஸ் கிழவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து அந்தத் தட்டைக் கல்லில் உட்கார வைத்தான். நௌசோன் பெயர்களை அழைத்தான். அத்திஸ் வரைக்கும் வந்தான். மூச்சை இழுத்தான். இதோ சொல்லிவிடலாம், சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். ஒரு மூச்சு நேரம் அவ்வளவு நீளம் என்று வெளியே நின்ற நாளில் அவனுக்குத் தெரிந்ததில்லை. அப்புறம் மதுவைக் குழியில் ஊற்றினான். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை என்று ஊரே பாராட்டியது.

எல்லாம் எரிந்து முடிந்து அவன் வெளியே வந்தபோது கிழவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். கல்லைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்ல கல்லாத்தான் பாத்துப் போட்டிருக்கே மாப்ளே" என்றார். "இங்கேருந்து எல்லாம் நல்லாக் கேக்குது."

கூட்டம் நடந்த பிறகு ஏழு ஆண்டு ஆர்க்கியாஸ் இருந்தார். வீட்டுக்குள் அவருக்கு ஒரு குறையும் இல்லை. எந்தக் கூட்டில் ராணி ஈ பலவீனமாக இருக்கிறது என்று குழாயில் காதை வைத்தே சொல்லிவிடுவார். பேரனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வாசலைத் தாண்டினால் மட்டும் தோள் தொங்கிவிடும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும், எதிரே வருகிறவர்களிடம் கழுதையைப் பார்த்தீர்களா என்று கேட்பார். சந்தையில் குட்டிப் பிள்ளைகள் கழுதை மாதிரிக் கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடும். ஒரு முறை நௌசோன் அதைப் பார்த்துவிட்டான். ஓடிப் போய் விரட்டியிருக்க வேண்டும். அத்திப்பழக் கடைக்குப் பின்னால் ஒதுங்கி, அவர்கள் போகிறவரைக்கும் நின்றான். தான் சொன்ன பொய்யை அந்தக் கிழவர் தினமும் ஊர் நடுவே சுமந்து காட்டிக்கொண்டிருந்தார், அவனைக் காப்பாற்ற. அன்றைக்கு அவன் வீட்டில் சாப்பிடவில்லை.

ஒரு நாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சில சமயம், வேலை முடிந்து கை கழுவும்போது, எதையோ எதிர்பார்ப்பவர்போல அவனைப் பார்ப்பார். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர் தூக்கத்திலேயே போனார். காலையில் சாவு வீடு என்பதற்கு அடையாளமாக வாசலில் தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டு, கிரிசில்லா துக்கத்துக்கு முடியைக் கத்தரித்துக்கொண்டு அப்பாவின் உடம்பைக் கழுவி எண்ணெய் பூசினாள். கீழே பரப்ப மருக்கொழுந்து கொண்டுவந்த நௌசோனால் அதைக் கொடுத்துவிட்டு வெளியே போக முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். புகைச்சட்டி, சரி என்று தான் சொன்னது, கோயில் முற்றம், உப்பு, கழுதை. எதையும் மறைக்கவில்லை.

கிரிசில்லா எண்ணெய்க் கையைத் துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "கூட்டம் முடிஞ்சு வந்த அன்னைக்கே அப்பா சொன்னாரு. உங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு அடுப்புமேல சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அவனா ஒரு நாள் வந்து சொல்லுவான், நல்ல பையன்தான்னாரு. ஏழு வருசமா காத்துக்கிட்டிருந்தாரு."

நௌசோன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இப்போது சொல்லிவிட்டேனே என்றான்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? வட்டத்துக்குள்ள போய்ச் சொல்லுங்க."

அதற்கப்புறம் ஐந்து முறை அவன் மது ஊற்றினான். ஐந்து முறையும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இந்த ஆண்டு சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினான். கிரிசில்லா வாசலில் நின்று அனுப்புவாள், திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆறாவது ஆண்டு மகனுக்குப் பதினெட்டு நிறைந்தது. சின்ன ஆர்க்கியாஸ் தாத்தாவின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். ஊற்றுகிற வேலை முடிந்துவிட்டதால் நௌசோன் மறுபடியும் வெறும் வீட்டோடு மாப்பிள்ளை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. தெக்சியோஸ் மட்டும் தொண்டையைச் செருமினார். நௌசோன் தானாகவே முழங்கால் உயரக் கல்லைத் தாண்டி வெளியே வந்தான். ஓனாசோஸ் நகர்ந்து இடம் கொடுத்தான்.

தட்டைக் கல்லில் உட்கார்ந்தான். உள்ளே மகன், ஏழு வயதிலிருந்து தன் அப்பா சொல்லக் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே குரலில், கிரனாவோஸை அழைத்தான், பெதியாஸை அழைத்தான், மூன்று பெண்களையும் அழைத்தான். அத்திஸுக்கு அப்புறம் மூச்சை இழுத்து நிறுத்தினான். உள்ளே இருந்த தலைகள் எல்லாம் வெளியே திரும்பின. மகன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அங்கிருந்து எல்லாம் நன்றாகத்தான் கேட்டது.